அதிரும் கண்ணாடிக்குள் தெரிந்த ஆழம்: குவியம் மாறும் ஆடித் திரை பற்றிய நிகழ்வு ஆய்வு

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில், ஒரு வட்டக் கண்ணாடி வினாடிக்கு 30 முறை அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்தது போன்ற ஒரு படக்குழாய் கண்ணாடியைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. எதிரே அமர்ந்தவருக்குக் கண்ணாடியின் அதிர்வு தெரியாது. அதன் பின்னால், வெறும் காற்றில், புள்ளிபுள்ளியாக ஒளிரும் ஓர் உடலுறுப்பு மிதப்பதுதான் தெரியும். தலையை இடப்பக்கம் நகர்த்தினால் உறுப்பின் இடப்புறம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினாலும் ஆழம் மறைந்துவிடாது. சிறப்புக் கண்ணாடி எதையும் அணியத் தேவையில்லை.

இன்று நாம் முப்பரிமாணப் படம் என்று சொல்லும் பெரும்பாலானவற்றைவிட ஒளியியல் அளவில் நேர்மையான படம் அது. அதைக் காட்டிய கருவிக்குக் குவியம் மாறும் ஆடித் திரை என்று பெயர். ஆனாலும் பத்தாண்டுகளுக்குள் அது ஆய்வகங்களைவிட்டுப் போய்விட்டது. விலை அதிகம், ஓசை அதிகம், படக்குழாயின் வேகம் போதவில்லை என்று வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்தத் திரையைத் தோற்கடித்தது அவை அல்ல என்பது என் கருத்து. அந்தத் திரையில் ஒரு பொருள் இன்னொரு பொருளை மறைக்க முடியாது. அந்த ஒரு குறைதான் மற்ற எல்லாத் திறமைகளையும் விழுங்கியது.

கண் எப்படி ஆழத்தை அறிகிறது

ஊசியில் நூல் கோப்பவரைக் கவனியுங்கள். இரு கண்ணும் திறந்திருந்தால் ஒரே முயற்சியில் நூல் நுழையும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் நூல்முனை காதுக்கு முன்னும் பின்னுமாகத் தடுமாறும். இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வெவ்வேறு கோணங்களில் பார்ப்பதால் கிடைக்கும் வேறுபாடுதான் ஆழத்தைச் சொல்கிறது என்பதை சார்லஸ் வீட்ஸ்டன் 1838ல் கண்ணுக்கொரு படம் காட்டும் தம் இரட்டைப்படக் கருவியால் காட்டினார். முப்பரிமாணத் திரைப்படங்கள் இன்றுவரை அந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் கண்ணுக்கு வேறு சான்றுகளும் உண்டு. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடித்து மெலிகிறது. அந்தத் தசையின் முயற்சியும் மூளைக்கு ஒரு செய்திதான். தலையை அசைத்தால் அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் நகர்வது இன்னொரு சான்று. இரட்டைப்படக் கருவியில் இந்தச் சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. விழிகள் இரண்டும் ‘பொருள் ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது’ என்று கூடி நோக்குகின்றன. வில்லையோ தட்டையான திரையின் தூரத்துக்குத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ள முடிகிறது. நெடுநேரம் பார்த்தால் தலை வலிப்பதற்கு இந்த முரண் ஒரு முக்கியக் காரணம்.

இந்த முரணையே இல்லாமல் செய்வதுதான் பருமத் திரையின் நோக்கம். பருமன் என்றால் கன அளவு. ஒளிப்புள்ளிகளைத் தட்டையான பரப்பில் பரப்பாமல், நீளம், அகலம், ஆழம் மூன்றும் உள்ள ஓர் இடத்தில், ஒவ்வொன்றையும் அதற்குரிய தூரத்திலேயே தோன்றச் செய்வது. அப்போது கண்ணை ஏமாற்ற வேண்டிய தேவையே இருக்காது. புள்ளி அங்கே இருப்பதாகவே கண் அறியும், ஏனெனில் ஒளி அங்கிருந்து வருவதாகவே வந்து சேர்கிறது.

கரண்டியும் ஒலிபெருக்கியும்

எவர்சில்வர் கரண்டியின் வெளிப்புறத்தில் முகம் பார்த்தால் முகம் சிறுத்து, அருகில் ஒட்டிக்கொண்டது போல் தெரியும். அது குவியாடி. முகம் பார்க்கும் குழியாடியில், போதிய அளவு அருகில் நின்றால், பிம்பம் பெருத்துப் பின்னால் தள்ளிப்போகும். வளைவு மாறினால் பிம்பத்தின் இடம் மாறுகிறது. பள்ளிக்கூட இயற்பியலில் எல்லாரும் படித்த செய்தி இது. ஒரே ஆடி குவியாகவும் குழியாகவும் மாறி மாறி வளைந்தால், பிம்பம் முன்னும் பின்னும் ஓடும். அந்த ஓட்டம் கண்ணின் நினைவைவிட வேகமாக இருந்தால், ஓடும் பாதை முழுவதும் படம் வரையலாம்.

இதைக் கருவியாக்கிக் காட்டியவர் ஆலன் ட்ராப். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த மைட்டர் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். அமெரிக்க வான்பாதுகாப்புக்கான சேஜ் ரேடார் வலையமைப்புப் பணிகளுக்காக 1958ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) லிங்கன் ஆய்வகத்திலிருந்து பிரிந்து உருவான நிறுவனம் அது. வட்டத் திரையில் ஊரும் புள்ளிகளாக விமானங்களைப் பார்த்துப் பழகிய இடத்தில், அவற்றின் உயரத்தையும் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை. ட்ராப் செய்தது மிக எளிமையானது. அலுமினியம் பூசிய மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை முரசுத்தோல் போல ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டினார். பின்னால் ஒரு ஒலிபெருக்கியை வைத்தார். ஒலிபெருக்கி காற்றைத் தள்ளி இழுக்க, தாள் குவிந்து குழிந்தது. எதிரே, மின் அலைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டும் ஓர் அலைகாட்டியின் திரை. 1967ல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று, 1970ல் காப்புரிமையும் கிடைத்தது.

இதன் அழகு எண்களில் தெரியும். 30 செ.மீ. விட்டமுள்ள ஆடி, அதிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் படக்குழாய் என்று வைத்துக்கொள்வோம். ஆடியின் நடுப்பகுதி இருபுறமும் 3 மி.மீ. மட்டும் அசைகிறது. முழுதும் குழிந்த நிலையில் குவியத் தொலைவு ஏறத்தாழ 187 செ.மீ., பிம்பம் ஆடிக்குப் பின்னால் 88 செ.மீ. தூரத்தில் தோன்றும். முழுதும் குவிந்த நிலையில் 45 செ.மீ. தூரத்தில் தோன்றும். ஆக, ஆடி அசைந்தது 6 மி.மீ., பிம்பம் ஓடியது 43 செ.மீ. எழுபது மடங்குக்கு மேல். இதே ஆழத்தை ஒரு திரையையே முன்னும் பின்னும் ஓட்டிப் பெற வேண்டுமானால், வினாடிக்கு 30 முறை அரை மீட்டர் தூரம் பாய்ந்து திரும்பும் இயந்திரம் வேண்டும். அதன் பக்கத்தில் எவரும் அமர மாட்டார்கள்.

நான் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்திருக்கிறேன். பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் வாயில் பரிசுப்பொருள் சுற்றும் வெள்ளித்தாளை இழுத்து ஒட்டி, அடியில் துளையிட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகி, வாயால் ஊதியும் உறிஞ்சியும் பார்த்தேன். எதிரே வைத்த சிறு விளக்கின் பிம்பம் டப்பாவுக்குள் ஆழமாகப் போவதும் மேலேறி வருவதும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் ஒட்டும்போது விழுந்த ஒரு சிறு சுருக்கம் பிம்பத்தில் நீண்ட வாலாக இழுபட்டதும் தெரிந்தது. அந்தச் சுருக்கம் எவ்வளவு பெரிய தொல்லை என்று கட்டுரைகளைப் படித்தபோது புரியவில்லை. அதைக் கண்ட பிறகுதான் புரிந்தது.

பொறியாளர்களின் தலைவலிகள்

தத்துவம் எளிது, நடைமுறை எளிதாக இல்லை. முதலில் காலம். கண்ணாடி சீரான வேகத்தில் ஓடுவதில்லை. ஊஞ்சலைப் போல இரு முனைகளிலும் தயங்கி, நடுவில் விரைகிறது. புள்ளிகளைச் சம இடைவெளியில் போட்டால் ஆழத்தின் இரு முனைகளிலும் அவை நெருக்கியடித்துக்கொள்ளும், நடுவில் கலைந்து நிற்கும். எந்தப் புள்ளியை எந்த நேரத்தில் ஒளிர விடுவது என்பதைச் சரியாகக் கணக்கிட்டாக வேண்டும்.

அடுத்து, மின்கற்றை பட்டதும் ஒளிரும் படக்குழாயின் பாஸ்பர் பூச்சு. மின்கற்றை பட்ட இடம் உடனே அணைந்துவிடுவதில்லை. தொலைக்காட்சிக்கு அது வசதி, இங்கோ தொல்லை. மேலே சொன்ன கணக்கின்படி, ஓட்டத்தின் நடுவில் பிம்பம் ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 4 செ.மீ. நகர்கிறது. புள்ளி அவ்வளவு நேரம் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அது புள்ளியாக இராது, ஆழத்தை நோக்கி நீளும் 4 செ.மீ. கோடாகிவிடும். ஆகவே விரைவில் அணையும் பாஸ்பரைத் தேட வேண்டும். அத்தகைய பூச்சுகள் கிடைத்தன, ஆனால் படம் ஒரே நிறத்தில்தான் இருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிம்பம் பின்னால் போகும்போது பெரிதாகவும் செய்கிறது. நம் கணக்கில், படக்குழாயில் 10 செ.மீ. நீளமுள்ள கோடு அருகில் தோன்றும்போது 7.6 செ.மீ., தொலைவில் தோன்றும்போது 14.7 செ.மீ. உலகத்தில் தண்டவாளங்கள் தொலைவில் குறுகுகின்றன. இந்த ஆடியில் அவை தொலைவில் விரிகின்றன. ஒரு கனசதுரத்தை அப்படியே வரைந்தால் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும். எனவே ஒவ்வொரு புள்ளியையும் அதன் ஆழத்துக்கேற்ப முன்கூட்டியே சுருக்கி அனுப்ப வேண்டும். ஒளியியல் செய்யும் பிழையைக் கணக்கு திருத்துவது. கையால் படம் போட்டு இந்தத் திரையை நிரப்ப முடியாது. அது பிறப்பிலேயே கணினியை நம்பியிருந்த திரை.

ஆனால் அறுபதுகளின் கணினிக்கு அந்த வேகம் இல்லை. பெல் ஆய்வகத்தின் எரிக் ராசன் இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டார். நேரடியாகக் கணினியிலிருந்து படத்தை அனுப்புவதற்குப் பதிலாக, ஒவ்வோர் ஆழத்துக்கும் உரிய படங்களைக் கணினியைக் கொண்டு முன்கூட்டியே திரைப்படச் சுருளில் பதிவு செய்தார். அந்தச் சுருளை ஆடியின் அதிர்வோடு இசைத்து ஓட்டினார். அப்படி உருவான முப்பரிமாணக் கணினிப் படங்களைப் பற்றி அவர் 1968ல் எழுதினார். அசையும் படம் கிடைத்தது, ஆனால் பார்ப்பவர் அதைத் தொட்டு மாற்ற முடியாது. அதே 1968ல்தான் இவான் சதர்லேண்ட், தலையில் மாட்டிக்கொள்ளும் திரையைப் பற்றி எழுதினார். கண்ணுக்கொரு படம், தலை திரும்பும் பக்கமெல்லாம் படமும் மாறும். ஒரே ஆண்டில் இரண்டு பாதைகள் பிரிந்தன. ராசனின் பாதையில் காட்சி வெளியில் இருக்கும், பலர் சேர்ந்து பார்க்கலாம். சதர்லேண்டின் பாதையில் காட்சி ஒருவருக்கே உரியது. இரண்டாவதன் வழித்தோன்றல்களைத்தான் இன்று கடைகளில் விற்கிறார்கள்.

மைலார் தாளின் சுருக்கத் தொல்லைக்கு மருந்து கொண்டுவந்தவர் லாரன்ஸ் ஷெர். அவர் பணியாற்றிய, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்து பி.பி.என். நிறுவனம்தான் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்கு முதல் இணைப்புக் கணினிகளைச் செய்து கொடுத்தது. இழுத்துக் கட்டிய தாளுக்கு இழுவிசை மாறும், ஓரம் சுருங்கும். அத்தோடு ஒரு முரசு என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்யும், அதாவது முழங்கும். ஷெர் தாளுக்குப் பதிலாக, வளையக்கூடிய ஒரு வட்டத் தட்டையே கண்ணாடியாக்கினார். தட்டு தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிரும்போது சிறு விசையே போதும், வளைவும் சீராக அமையும். 1978ல் காப்புரிமை கிடைத்தது. ‘ஸ்பேஸ்கிராஃப்’ என்ற பெயரில் ஜெனிஸ்கோ நிறுவனம் அதை எண்பதுகளின் தொடக்கத்தில் விற்பனைக்கும் கொண்டுவந்தது. ஆய்வகப் பொருளாக இருந்த ஒரு பருமத் திரை, விலை கொடுத்து வாங்கும் பொருளானது.

மருத்துவமனைக்குள்

இந்தத் திரைக்கு உண்மையான வேலை வந்தது மருத்துவத்திலிருந்து. 1971ல் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் முறையில் படமெடுக்கப்பட்டபோது உடலை அறுக்காமலே அதன் குறுக்குவெட்டுகளைப் பார்க்க வழி பிறந்தது. ஆனால் மருத்துவர் கையில் கிடைத்தது ரொட்டித் துண்டுகள் போன்ற தனித்தனிப் படங்கள். அவற்றை மனத்துக்குள் அடுக்கி ஓர் உறுப்பாகக் காண்பது நீண்ட பயிற்சியால் வருவது. அந்த அடுக்கும் வேலையைக் கண்ணாடி செய்துவிடும். முதல் துண்டை அருகில் காட்டு, அடுத்ததைச் சற்றுத் தள்ளிக் காட்டு, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவமனையான மயோ கிளினிக்கில் இந்தத் தேவை எல்லா இடத்தையும்விட அவசரமாக இருந்தது. ரிச்சர்ட் ராப், எரிக் ரிட்மன் முதலியோர் அங்கே துடிக்கும் இதயத்தையே முப்பரிமாணத்தில் படமெடுக்கும் ஒரு மாபெரும் எக்ஸ்ரே கருவியைக் கட்டியிருந்தார்கள். 28 எக்ஸ்ரே குழாய்களுக்குத் திட்டமிட்டு 14 குழாய்களோடு இயங்கிய கருவி அது. வினாடிக்கு 60 முறை வரை, ஒவ்வொரு முறையும் 240 குறுக்குவெட்டுகள் வரை அதனால் தர முடிந்தது. ஒரு வினாடிக்குப் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். இவற்றை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பது நடக்கிற காரியமா? அங்கேதான் லோவெல் ஹாரிஸ் குழுவினர் அதிரும் கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள்.

சேப்பல் ஹில்லில் ஹென்றி ஃபுக்ஸும் ஸ்டீஃபன் பைசரும் அதே வேலையை வேறொரு புத்திசாலித்தனத்தோடு செய்தார்கள். தனியாக ஒரு கருவியைக் கட்டாமல், ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்த வண்ணப்பட நினைவகத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் சாதாரணமாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் இருக்கும். அவர்கள் அந்த இடங்களில் ஒரு புள்ளியின் கிடைநிலை, உயரநிலை, ஒளியளவு ஆகியவற்றை எழுதினார்கள். ஆழத்தை எங்கும் எழுதவே இல்லை. வரிசையில் எந்த இடத்தில் புள்ளி நிற்கிறதோ அதுவே அதன் ஆழம், ஏனெனில் அந்த எண்கள் வெளியே வரும் நேரத்தில் கண்ணாடி அந்த நிலையில் இருக்கும். ஒரு பொருளின் இடத்தைக் காலத்தால் எழுதுவது. 1982ல் வெளியான இந்த யோசனையை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனம் குளிர்கிறது.

ஏன் புள்ளிகள், ஏன் முழுப் படங்கள் இல்லை என்று கேட்கலாம். 512க்கு 512 புள்ளிகள் கொண்ட நூறு அடுக்குகளை வினாடிக்கு 30 முறை காட்ட வேண்டுமென்றால் 78 கோடிப் புள்ளிகளுக்கு மேல் வரைய வேண்டும். அன்றைய மின்னணுவியலுக்கு அது எட்டாக்கனி. ஒரு புள்ளிக்கு ஒரு மைக்ரோவினாடி என்று வைத்துக்கொண்டால், கண்ணாடியின் ஒரு பக்க ஓட்டத்துக்குள், அதாவது ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்குக்குள், பதினாறாயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான் போட முடியும். எனவே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எலும்பின் ஓரம், இரத்தக்குழாயின் சுவர், கட்டியின் எல்லை. மற்றவை இருட்டில் விடப்பட்டன.

மறைக்கத் தெரியாத பொருள்

இந்தத் தேர்ந்தெடுத்தல் கருவியின் வேகக் குறைவால் வந்த சமாளிப்பு என்றுதான் பலரும் நினைத்தார்கள். வேகம் கூடினால் எல்லாப் புள்ளிகளையும் காட்டலாம், அப்போது மண்டையோடு மண்டையோடாகவே தெரியும் என்று எதிர்பார்ப்பு. அது தவறான எதிர்பார்ப்பு. எல்லாப் புள்ளிகளையும் காட்டினால் எதுவுமே தெரியாது.

காரணம் இதுதான். இந்தத் திரையில் பொருள்கள் வெளிச்சத்தால் ஆனவை. முன்னால் நிற்கும் வெளிச்சம் பின்னால் நிற்கும் வெளிச்சத்தைத் தடுக்காது, அதோடு கூடிக்கொள்ளும். நெற்றி எலும்பின் வழியாகப் பிடரி எலும்பு தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மூளை இரண்டோடும் கலந்து பனிமூட்டமாகும். இருண்ட ஒரு பொருளை ஒளிரும் பொருளுக்கு முன்னால் வைக்கவே முடியாது. ஆழம் துல்லியமாகத் தெரிகிறது, ஆனால் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் போகிறது. குவியமும் இரு கண் வேறுபாடும் சேர்ந்து தரும் சான்றுகளைவிட, ‘இது அதை மறைக்கிறது, ஆகவே இது முன்னால் இருக்கிறது’ என்ற ஒரே சான்றையே கண் அன்றாடம் அதிகம் நம்புகிறது. ஒரு கண் பார்வை மட்டுமே உள்ளவர் சந்தைத் தெருவில் எவர்மேலும் மோதாமல் நடப்பது பெரும்பாலும் அதனால்தான்.

தட்டைத் திரையில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு முன்பே வந்துவிட்டது. பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து தெரியாத பகுதிகளைக் கணினி நீக்கிவிடும். பருமத் திரையில் அப்படிச் செய்ய முடியாது. பார்ப்பவர் தலையை நகர்த்தலாம் என்பதும் பலர் சேர்ந்து பார்க்கலாம் என்பதும்தானே அதன் பெருமை? உங்களுக்கு மறைய வேண்டிய புள்ளி பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டிய புள்ளி. திரையின் மிகச் சிறந்த குணமே அதன் மிகப் பெரிய குறைக்கு வேராக இருந்தது. இதை எந்தப் பாஸ்பராலும் தீர்க்க முடியாது, எவ்வளவு வேகமான நினைவகத்தாலும் தீர்க்க முடியாது.

மயோ குழுவினர் இதை விரைவிலேயே உணர்ந்தார்கள் என்று நினைக்கிறேன். ஹாரிஸ் ‘எண்முறை அறுவை’ என்ற ஒரு முறையைப் பயன்படுத்தினார். திசுக்களைக் கணினிக்குள்ளேயே அறுத்து எடுப்பது, அல்லது வேண்டாத திசுவின் ஒளியை மங்கச் செய்து வேண்டியதை மேலே கொண்டுவருவது. அறுவை மருத்துவர் தோலை விலக்குவது போலத்தான். நல்ல தீர்வு. ஆனால் எதை விலக்குவது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்துவிட்டால், மிஞ்சிய பொருளை ஒரு சாதாரணத் திரையில் நிழல் கொடுத்து வரைந்தாலே போதுமே என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கிறது.

கூடத்திலேயே வந்த போட்டி

அந்தக் கேள்விக்கு விடை எண்பதுகளின் பின்பாதியில் வந்தது. 1987ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தின் வில்லியம் லோரன்சனும் ஹார்வி க்ளைனும், சி.டி. துண்டுகளிலிருந்து எலும்பின் மேற்பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகத் தானாகவே கட்டியெழுப்பும் முறையை வெளியிட்டார்கள். தட்டைத் திரையில் மண்டையோடு திடப்பொருளாக, வெளிச்சமும் நிழலுமாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மார்க் லெவாய், மேற்பரப்பு கட்டாமலே பருமன் முழுவதையும் நேராக வரையும் முறையைக் காட்டினார். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு ஊடுருவும் தன்மை என்பதை நாமே தீர்மானிக்கலாம். தோலைக் கண்ணாடித்தாள் போல வைத்துக்கொண்டு எலும்பைத் திடமாக வைக்கலாம். அதிரும் கண்ணாடியில் கட்டாயமாக இருந்த ஊடுருவல், லெவாயின் முறையில் விருப்பத்துக்குரியதாயிற்று.

லெவாய் அதைச் செய்த இடம் சேப்பல் ஹில். அவருடைய ஆய்வு வழிகாட்டி ஹென்றி ஃபுக்ஸ். அதே ஃபுக்ஸ் எண்பதுகளில் ‘பிக்சல் பிளேன்ஸ்’ என்ற பெயரில், நிழலிட்ட திடப்பொருள்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டைத் திரையில் வரையும் தனிக் கணினிகளையும் கட்டிக்கொண்டிருந்தார். பைசரும் அவரும் 1986லேயே கதிர்வீச்சு மருத்துவத்துக்கு நிழலிட்ட படங்களைப் பயன்படுத்துவது பற்றி எழுதினார்கள். மயோவில் ரிச்சர்ட் ராப் குழு ‘அனலைஸ்’ என்ற மென்பொருளை எழுதியது. அதுவும் சாதாரணத் திரைக்கானதுதான். ஆக, கண்ணாடியை வெளியாட்கள் யாரும் வீழ்த்தவில்லை. அதை மிகவும் நேசித்து, அதன் எல்லையைத் தொட்டுப் பார்த்தவர்களே அடுத்ததைக் கட்டினார்கள்.

தட்டைத் திரையில் ஆழம் எங்கிருந்து வந்தது? சுழற்சியிலிருந்து. வளைந்த கம்பி ஒன்றின் நிழலைத் திரையில் விழச்செய்து, நிழல் அசையாமல் நின்றால் அது வெறும் கோடு. கம்பியைச் சுழற்றினால் நிழலிலிருந்து ஒரு முப்பரிமாண வடிவம் எழுந்து நிற்கும். ஹான்ஸ் வாலாக்கும் ஓ’கானலும் 1953லேயே இதைச் சோதித்து எழுதியிருந்தார்கள். கணினி படத்தைச் சுழற்றும் வேகம் பெற்றதும் இந்தப் பழைய உண்மை இலவசமாகக் கைகொடுத்தது. அதிரும் ஆடி மூன்று சான்றுகளைக் கொடுத்து ஒன்றைக் கொடுக்கவில்லை. சுழலும் தட்டைப்படம் விட்டுப்போன அந்த ஒன்றையும், போதிய அளவு அசைவையும் கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிரும் கண்ணாடியின் படத்தை நிழற்படம் எடுத்தால் அதன் உயிர் போய்விடும். ஆய்வுக் கட்டுரைகளில் அச்சானவை எல்லாம் கறுப்பில் சிதறிய வெள்ளைப் புள்ளிகள். படிப்பவர் நம்ப வேண்டும், அல்லது நேரில் போய் நாற்காலியில் அமர்ந்து பார்க்க வேண்டும். லோரன்சனின் மண்டையோடு அச்சில் அப்படியே வந்தது, மாநாட்டு மண்டபத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஒரு தொழில்நுட்பம் பரவ இது எவ்வளவு முக்கியம் என்பதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

மீண்டும் ஒரு முறை

வேகம் கூடினால் தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பைச் சோதிக்க ஒரு நல்ல வாய்ப்பு 2000க்குப் பிறகு வந்தது. கிரெக் ஃபவலோரா 1997ல் தொடங்கிய ஆக்சுவாலிட்டி சிஸ்டம்ஸ் நிறுவனம் ‘பெர்ஸ்பெக்டா’ என்ற கண்ணாடிக் கோளத்தை உருவாக்கியது. உள்ளே ஒரு தட்டைத் திரை சுழலும், அதன் மேல் 768க்கு 768 புள்ளிகள் கொண்ட 198 படங்கள் ஒரு பருமனுக்கு விழும். பதினொரு கோடிப் புள்ளிகளுக்கு மேல், வினாடிக்கு 24 முறை புதுப்பிக்கப்பட்டன. சேப்பல் ஹில்லின் கண்ணாடியோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு முன்னேற்றம். கோளத்தைச் சுற்றி நடந்தே பார்க்கலாம். நிறமும் வந்துவிட்டது.

ஊடுருவல் மட்டும் அப்படியே இருந்தது. முன்பக்கம் பின்பக்கத்தை மறைக்கவில்லை.

அதனால் அதற்கு ஏற்ற வேலை எது என்று தேடியபோது, மறைத்தலே வேண்டாத ஒரு துறை அகப்பட்டது. மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை திட்டமிடும்போது, பல திசைகளிலிருந்து கற்றைகள் மண்டையோட்டை ஊடுருவிச் சென்று ஓரிடத்தில் சந்திக்க வேண்டும், பார்வை நரம்பையும் மூளைத்தண்டையும் தொடாமல். கற்றைக்கு மண்டையோடு ஒரு தடையில்லை, ஆகவே அதைப் பார்ப்பவருக்கும் தடையாக இருக்க வேண்டியதில்லை. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பெர்ஸ்பெக்டாவை இந்தத் திட்டமிடலுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அறுபதுகளில் விமானங்களின் உயரத்தைக் காற்றில் காட்ட நினைத்தபோதும் இதே இயல்புதான் துணை நின்றது. வானத்தில் சிதறிய சில புள்ளிகள், அவற்றுக்கிடையே வெறும் வெளி, ஒன்றையொன்று மறைக்க வேண்டிய தேவையே இல்லை. மூலக்கூறுகளின் கம்பி வடிவங்களும் அப்படித்தான். பருமத் திரைக்கு உரிய பொருள்கள் உலகத்தில் உண்டு. ஆனால் அவை குறைவு. ஒரு நிறுவனத்தைத் தாங்கும் அளவுக்கு அன்று அவை இல்லை. ஆக்சுவாலிட்டி 2009ல் இயக்கத்தை நிறுத்திக்கொண்டது.